சிங்கத்தின் மாமியார் வீடு

கேள்வி: காட்டு ராஜாவான சிங்கம் பிறந்ததிலிருந்து சாகும்வரை எப்படி வாழ்கிறது? எத்தனை வருடம் ராஜாவாக இருக்கும்?

பதில்: ராஜாவா? யார் முடிசூட்டியது? அது பெரும்பாலும் திரிவதே புல்வெளியில்தான், சரி, அதை விடுங்கள். சிங்கக் கூட்டம் என்பது பாட்டி, அம்மா, சித்தி, அக்கா, தங்கை என்று பெண்கள் வழிவழியாகக் கட்டிக் காக்கும் குடும்பம். பெண் குட்டிகள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆண் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும், அசல் வீட்டோடு மாப்பிள்ளை. அதிலும் அண்ணன் தம்பி இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்து இறங்குவார்கள், வீட்டுப் பெண்கள் ஓடி ஓடி வேட்டையாடினால் முதல் பந்தியில் இவர்கள்! எருமை மாதிரி பெரிய இரை என்றால் மாப்பிள்ளையும் கை கொடுப்பார், அதை மறைக்கக் கூடாது.

கேட்டதற்கு வருகிறேன். ஏறக்குறைய 110 நாள் கர்ப்பம். அம்மா கூட்டத்தைவிட்டுத் தனியே போய்ப் புதரில் ஈன்று, கண் திறக்காத ஒன்றரைக் கிலோக் குட்டிகளை மோப்பக்காரர்களுக்குப் பயந்து ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆறு, எட்டு வாரம் கழித்துத்தான் கூட்டத்தில் சேர்க்கும், அப்புறம் எந்தச் சித்திக்குப் பால் இருந்தாலும் குடிக்கலாம். அப்படியும் பாதிக்கு மேல் 2 வயதைத் தாண்டுவதில்லை.

அதில் மாப்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. புதிதாக வருபவர்கள் பழையவர்களை விரட்டிவிட்டுச் செய்யும் முதல் வேலை, சின்னக் குட்டிகளைக் கொல்வது. குட்டி இருக்கும்வரை தாய் மறுபடி இணைசேராது, இவர்களுக்கோ அந்தக் கூட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான். குட்டி தன் காலில் நிற்கவும் அதே இரண்டு வருடம் ஆகிறது. கணக்கு அவ்வளவு இறுக்கம்.

ஆண் குட்டியை 2, 3 வயதில் விரட்டிவிடுவார்கள். நாடோடியாகத் திரிந்து, பிடரிமயிர் அடர்ந்து, 5 வயது வாக்கில் வேறு கூட்டத்தைப் பிடித்தால் உண்டு. பிறகு அதுவும் விரட்டப்படும். 12ஐத் தாண்டும் ஆண் குறைவு, பெண் 15 வரைகூட இருக்கும். கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்தில் பேர்போன ஆண் சிங்கம் ஸ்கார்ஃபேஸ் 2021இல் 14 வயதில் செத்தது பெரிய விஷயம்.

முன்பு இங்கே கழுதைப்புலிக்குப் பரிந்து பேசியதற்கு, "திருட்டுப் பிராணிக்கு வக்காலத்தா?" என்று எழுதிய வாசகர் இதையும் படிப்பார். ஐயா, 1960களில் தான்சானியாவின் நொரோங்கோரோ பள்ளத்தாக்கில் விலங்கு ஆய்வாளர் ஹான்ஸ் க்ரூக் ராத்திரி விழித்திருந்து பார்த்தார்: கழுதைப்புலிகள் அடித்த இரையைச் சிங்கங்கள் வந்து பிடுங்கித் தின்றன. விடிந்தபின் வந்தவர்கள், தின்றுகொண்டிருந்த சிங்கத்தையும் தள்ளி நின்ற கழுதைப்புலியையும் பார்த்து யார் திருடன் என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த இதழுக்காவது யாராவது கழுதைப்புலியின் ஆயுளைக் கேளுங்களேன், இரண்டு பக்கம் எழுதத் தயார்.