கார் பிரேக் பெடல் கட்டை மாதிரி இறுகிவிட்டது. பூஸ்டரை மாற்றத்தான் வேண்டுமா?

பூஸ்டர், அதாவது நீங்கள் மிதிக்கும் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பாகம், போயிருக்கலாம். ஆனால் பூஸ்டருக்கு வாக்குவம் (காற்றை உறிஞ்சி எடுப்பதால் உண்டாகும் வெற்றிடம்) வரும் வழியில் எங்காவது கசிந்தாலும் பெடல் இதே மாதிரிதான் இறுகும். இன்ஜின் ஓடும்போதே பெடல் கல்லாக நிற்கிறது, முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கிறது, மெக்கானிக் பார்த்ததுமே பூஸ்டரை மாற்றச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலைதான். காரணம் தெரியும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்குக்கூடக் கட்டி இழுக்காமல், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பெடலுக்கு நேர் முன்னால், இன்ஜின் பக்கம், வட்டமாகக் கறுப்பு டப்பா ஒன்று இருக்கும். அதுதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதாவது டப்பாவை இரண்டாகப் பிரிக்கும் சவ்வு. ஒரு பக்கம் வாக்குவம், மறுபக்கம் நீங்கள் மிதிக்கும்போது உள்ளே வரும் வெளிக்காற்று. இந்த இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. 10 அங்குல டயாஃப்ரம் என்றால் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ. இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும் நிலையில்) இருக்கும்போது கிடைக்கும் வாக்குவத்தில் அது 300 கிலோவுக்கு மேல் தள்ளிக் கொடுக்கும். அந்த உதவி இல்லாமல் போனால் மொத்த வேலையும் உங்கள் கால் மேல் விழுகிறது. சாதாரணப் பெட்ரோல் வண்டியில் வாக்குவம், இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. டீசலில் அங்கே போதுமான வாக்குவம் உருவாகாது என்பதால் தனி வாக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். டர்போ பெட்ரோல் வண்டிகள் பலவற்றிலும் பம்ப் உண்டு.

இப்போது சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், இறுகிவிடும். இன்ஜின் ஓடாதபோது இறுகுவது இயல்பு, பயப்பட வேண்டாம். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலுக்கடியில் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர் உதவி கிடைக்கவில்லை. அடுத்து, இன்ஜினை ஓரிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து மிதியுங்கள். முதல் ஒன்றிரண்டு மிதி மெத்தென்று இருக்க வேண்டும். முதல் மிதியே இறுக்கம் என்றால் வாக்குவம் தேங்கி நிற்கவில்லை. ஹோஸில் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வோ பூஸ்டரோ கசிகிறது. மிதிக்கும்போது பெடல் பக்கம் விடாமல் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்து, ஐடிலிங்கும் தடுமாறினால் டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் சோதனையில் பெடல் இறங்காவிட்டால் நேராகப் பூஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜின் ஐடிலில் இருக்க, பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். பிளாஸ்டிக் செக் வால்வு பழசாகி இருந்தால் உடைந்துவிடும், மெதுவாக அசைத்து எடுங்கள். விரலை நன்றாக இழுத்துப் பிடித்தால் வாக்குவம் வருகிறது, கோளாறு பூஸ்டரில். இழுப்பு இல்லையென்றால் ஹோஸ், வால்வு, பம்ப் என்று பின்னோக்கிப் போங்கள். வாக்குவத்தை அளக்கும் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. மேனிஃபோல்டிலிருந்து வாக்குவம் எடுக்கும் பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்ட வேண்டும். செக் வால்வைச் சோதிக்க ஊதிப் பார்த்தாலே போதும். காற்று இன்ஜின் பக்கம் மட்டும்தான் போக வேண்டும்.

என் காரில் இதே பிரச்சினை வந்தபோது மேலிருந்து பார்க்க ஹோஸ் புதுசு மாதிரி இருந்தது. மேனிஃபோல்டு அருகே அது வளையும் இடத்தில் அடிப்பக்கத்தைத் தடவியபோதுதான் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு கைக்குத் தட்டுப்பட்டது. விரலை வைத்து அழுத்தியதும் ‘ஸ்ஸ்’ சத்தம் நின்று, ஐடிலிங்கும் சீரானது. ஹோஸை மட்டும் மாற்றினேன், பெடல் பழையபடி ஆகிவிட்டது. மாற்றும்போது பிரேக் பூஸ்டருக்கான ஹோஸைத்தான் வாங்க வேண்டும். கையில் கிடைத்த ரப்பர் குழாயைப் போட்டால் வாக்குவத்தில் சப்பிக்கொண்டு வழியை அடைத்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மிதி இறுக்கமாகவே இருந்தால் சக்கரங்கள் பக்கம் போங்கள். பேடைச் சக்கரத்தின் டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கலாம், பேடு சூடாகிக் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கலாம். அப்புறம், பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே உள்ள ரப்பர் உப்பியிருந்தால் யாரோ இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, அது தொட்ட ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

ஓடும்போது பெடல் இறுகினால் விட்டுவிட்டு மிதிக்கவே கூடாது. ஆழமாக இறங்கும் பெடலுக்குத்தான் அந்த வழி. இங்கே ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கும் வாக்குவத்தைத் தின்றுவிடும். ஒரே மிதியாக, தேவைப்பட்டால் இரண்டு காலாலும் அழுத்திப் பிடியுங்கள். கியரைக் குறைத்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். சாவியை மட்டும் திருப்பி அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

கடைசியில் பூஸ்டர்தான் என்று உறுதியானால், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றும்போது அதன் பின்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அங்கிருந்து கசியும் பிரேக் ஆயில்தான் பல வண்டிகளில் டயாஃப்ரத்தைக் கெடுக்கிறது. சிலிண்டரைச் சரிசெய்யாமல் புது பூஸ்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு அளவையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது நீளமாக நின்றால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.