பேர் இல்லாத கோட்டைக்கு ஏன் பெட்ரோல் செலவு?

கேள்வி: மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். செப்டம்பரில் நானும் கணவரும் போகிறோம். வெர்சாய், ஷாம்போர், ஷெனோன்சோ என்று பேர்பெற்ற மூன்று அரண்மனைகளையும் மருமகன் பட்டியல் போட்டுவிட்டார். பர்கண்டி கிராமப்புறத்தில் அதிகம் பேர் போகாத கோட்டைகளும் தோட்டங்களும் உண்டாமே, அங்கேயும் போகலாமா என்று கேட்டேன். "பேர் இல்லாத இடத்துக்கு எதற்குப் பெட்ரோல் செலவு? எங்கே போனாலும் பழைய கட்டில், பழைய திரைச்சீலைதான்" என்று சிரிக்கிறார். அவர் சொல்வது சரியா? (வாசகி, திருச்சி)

பதில்: கட்டில், திரைச்சீலை விஷயத்தில் சரிதான். ஆனால் அந்தக் குறை அவர் பட்டியலில் இருக்கும் இடங்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். ஷாம்போரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பிரான்சுவா மன்னன் 1519இல் ஆரம்பித்த கட்டடம், நானூறுக்கும் மேற்பட்ட அறைகள். 32 வருஷம் ஆண்ட அந்த ராஜா அங்கே தங்கியது மொத்தம் 72 நாள்தான் என்று கணக்குச் சொல்வார்கள். ஆள் குடியிருக்காத வீட்டில் கட்டிலைத் தவிர வேறு எதைக் காட்டுவார்கள்? இரட்டைச் சுழல் படிக்கட்டு அபாரம், மறுக்கவில்லை. மிச்ச நேரமெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இப்போது பேர் இல்லாத கோட்டை ஒன்று. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் மோன்பார். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் புஸ்ஸி-ரபுத்தேன். (புதுச்சேரி புஸ்ஸி வீதிக்காரர் வேறு ஆள். அவர் அடுத்த நூற்றாண்டுத் தளபதி.) இந்தக் கோட்டைக்காரர் ரொஜே த ரபுத்தேன், பதினான்காம் லூயியின் குதிரைப்படை அதிகாரி. கத்தியைவிட நாக்கு கூர்மை. அரசவைப் பெண்மணிகளின் காதல் கதைகளைக் காதலிக்கு வேடிக்கை காட்ட எழுதிவைத்தார். கையெழுத்துப் பிரதி கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவியது. 1665இல் பாஸ்தீய் சிறை. பதின்மூன்று மாதம் கழித்து வெளியே விட்ட ராஜா, "உன் ஊரோடு கிட" என்று அனுப்பிவிட்டார். காதலி மோன்க்ளா சீமாட்டியும் அந்தச் சமயம் பார்த்துக் கைவிட்டார்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு அறையில் தளபதிகளின் படங்கள் 65 மாட்டி, அந்த வரிசையில் தன் படத்தையும் சேர்த்தார். இன்னொரு அறை முழுக்க அரசவை அழகிகள். ஒவ்வொரு படத்தின் கீழும் அவரே எழுதிய ஒரு வரி, பாதி பாராட்டு, பாதி விஷம். கைவிட்டுப் போனவருக்கு மட்டும் தனி கவனிப்பு. குளிர் கண்டதும் பறந்துவிடும் குருவியாக, மயக்கிக் கெடுக்கும் கடற்கன்னியாக, தராசில் வைத்தால் காற்றைவிட லேசானவளாக மரச்சட்டங்களில் வரைய வைத்தார். முந்நூற்றைம்பது வருஷமாக அந்தப் பெண்மணி அங்கே திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். படங்கள் உயர்ந்த ஓவியமா என்றால் இல்லை, பல சுமார் ரகம். ஆனால் ஒரு மனிதனின் வயிற்றெரிச்சலுக்குள் நின்று சுற்றிப் பார்ப்பது வெர்சாயில் நடக்காது. வெளியே வந்தால் வெட்டி ஒழுங்குசெய்த பச்சைப் பாத்திகள். அங்கேயும் கூட்டம் இருக்காது.

அங்கிருந்து வடக்கே போனால் ஆன்சி-ல-ஃப்ரான். இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ 1540களில் வரைந்து கொடுத்த திட்டம். வெளியே அளவு பிசகாத, சற்றுக் கண்டிப்பான நாற்கோணம். உள்ளே சுவரெல்லாம் ஓவியம். ஒரு நீளக் கூடம் முழுவதும் சீசரின் பார்சலஸ் போரைக் காவி நிறம் ஒன்றிலேயே தீட்டியிருக்கிறார்கள். அடுத்தது தான்லே, அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிற கோட்டை. அதன் கோபுர அறை விதானத்தில் அரசவைப் பிரமுகர்கள் ரோமானியத் தெய்வங்களாக இருக்கிறார்கள். ஜூனோ கத்தரின் த மெதிசி, வீனஸ் தியான் த புவாத்தியே என்று அடையாளம் காட்டுவார்கள். இதே கத்தரின், கணவன் இரண்டாம் ஹென்றி 1559இல் இறந்ததும், அவனுடைய ஆசைநாயகியான இதே தியானிடமிருந்து ஷெனோன்சோவைப் பிடுங்கிக்கொண்டு ஷோமோன் என்ற வேறு கோட்டையைக் கொடுத்தவர். ஆக, ஷெனோன்சோ பட்டியலில் இருக்கட்டும். முதலில் அதைப் பார்த்துவிட்டு தான்லே வந்தால் அண்ணாந்து பார்க்கும்போது சிரிப்பு வரும்.

தோட்டம்தான் முக்கியம் என்றால் தெற்கே க்ளூனி பக்கம் கொர்மாத்தேன். பாழாகிக் கிடந்த இடத்தை 1980களில் நண்பர்கள் மூன்று பேர் எடுத்துச் சரிசெய்தார்கள். பாக்ஸ்வுட் என்ற வேலிச் செடியில் சுற்றிச் சுற்றிப் போகும் புதிர்ப்பாதை அங்கே உண்டு. பிரெஞ்சுத் தோட்டங்களின் உயிரே இந்தச் செடிதான். கிழக்காசியாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியின் புழு இப்போது ஊர் ஊராக அதைத் தின்றுகொண்டிருக்கிறது. எங்கேயாவது வேலி மொட்டையாகத் தெரிந்தால் தோட்டக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

பெட்ரோல் செலவு என்கிறாரே, டிக்கெட் காசு எங்கே போகிறது என்றும் கேட்கலாம். தனியார் கோட்டைகளில் பெரும்பாலும் கூரைக்குத்தான். லுவார் ஆற்றுப் பக்கம் வில்லாந்திரி கோட்டையை 1906இல் வாங்கிய கர்வாலோ என்ற ஸ்பானியர், அமெரிக்க மனைவியின் சொத்தையும் போட்டு அங்கிருந்த ஆங்கிலேயப் பாணிப் பூங்காவை அழித்து, பழைய முறைப்படி முட்டைக்கோஸும் லீக்கும் நிறம் பார்த்து நட்ட காய்கறித் தோட்டம் போட்டார். வீட்டைப் பொதுஜனத்துக்குத் திறந்துவிட்டதோடு நிற்காமல், மற்ற கோட்டைக்காரர்களையும் திறக்கச் சொல்லி 1924இல் சங்கமும் கட்டினார். கதவைத் திறந்து வைக்கிறவர்களுக்குப் பிரெஞ்சு அரசு வரிச் சலுகை தருகிறது. அதனால்தான் குடும்பம் மாடியில் குடியிருக்க, கீழே நீங்கள் டிக்கெட் வாங்கி நடக்க முடிகிறது.

எல்லாச் சின்னக் கோட்டையும் தங்கம் என்று சொல்லமாட்டேன். மெழுகுபொம்மைக்குப் பட்டுச்சட்டை மாட்டி அறைக்கு ஒன்று நிறுத்தி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. விளம்பரத் தாளில் பொம்மை தெரிந்தால் வண்டியை நிறுத்தவே வேண்டாம். இன்னொன்று, நம் ஆட்கள் நவக்கிரகத் தலங்களை வேனில் ஒரே நாளில் முடிப்பதுபோல் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பல இடங்களில் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. ரொட்டி, பழம், சீஸ் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் என்கிறீர்கள். மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய தினங்கள் வரும், 1984இலிருந்து நடக்கிறது. மற்ற நாளில் உள்ளே விடாத வீடுகள்கூடத் திறக்கும். ஷாம்போரை எடுத்துவிட்டு அந்த இரண்டு நாளை பர்கண்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மருமகன் முகம் சுளித்தால், தான்லேயிலிருந்து அரை மணி நேரத்தில் ஷப்லி என்று சொல்லிப் பாருங்கள். ஒயின் பேர் காதில் விழுந்ததும் பெட்ரோல் கணக்கு மறந்துவிடும். அன்றைக்குத் திரும்பி வரும்போது ஸ்டியரிங் மட்டும் மகள் கையில் இருக்கட்டும்.