மற்றப் பிள்ளைகளைப் போல இல்லை என்று என் மகனைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். அப்பாவாக நான் என்ன செய்யலாம்?

என் மகனுக்குத் திக்குவாய். உங்கள் மகனின் வித்தியாசம் வேறாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்பதால் இதை வைத்தே சொல்கிறேன்.

திக்கிப் பேசுகிற பலருக்கும் மிகச் சிரமமான சொல், சொந்தப் பெயர். மற்றச் சொல் வராவிட்டால் அதை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? ஏழாம் வகுப்பில் புதுப் பள்ளியில் முதல் நாள், எழுந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அந்த எழுத்தே அவனுக்குப் பட்டப்பெயர். நடைவழியில், படிக்கட்டில், கழிப்பறை வாசலில், அவனைக் கண்டால் அதை நாலு தடவை இழுத்துச் சொல்வார்கள். எனக்குத் தெரியவந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது.

"திருப்பி அடி" என்றேன். கோபத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

"அவங்க ஏழு பேர்ப்பா" என்றான்.

பள்ளிகளில் நடக்கும் இப்படிப்பட்ட சீண்டலை 1970களிலிருந்தே ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ், சாதாரணச் சண்டைக்கும் இதற்கும் வேறுபாடு காட்ட மூன்று விஷயங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் ஒரு பக்கமே இருப்பது. அந்த மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. திருப்பி அடிக்க முடிகிற பிள்ளையை யாரும் மூன்று மாதம் சீண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து, அவனைச் சரிசெய்யக் கிளம்பினேன். "மெதுவாப் பேசு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று நாள் முழுக்க. பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போனபோது, அவர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பத்து நிமிஷத்துல அவன் ஆரம்பிச்ச வாக்கியத்தை நீங்க நாலு தடவை முடிச்சு வெச்சீங்க." உதவி என்று நினைத்துத்தான் செய்திருந்தேன். உண்மையில், அவன் சிக்கி நிற்கும் அந்தச் சில நொடிகளை என்னால்தான் தாங்க முடியவில்லை. மூன்று மாதம் அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கும் பதில் அதில் இருந்தது.

அவர் இன்னும் சில விஷயங்கள் சொன்னார். சுமார் 5 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள், பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது, பெரியவர்களில் 1 சதவீதம் பேருக்கு நிலைக்கிறது. பயமோ வளர்ப்போ காரணமில்லை. மூளை பேச்சை இயக்கும் விதமும் மரபணுவும் சம்பந்தப்பட்டது. பதற்றம் அதைக் கூட்டும், அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தில் என் பங்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பின் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். (சுலபம் என்று நினைக்காதீர்கள்.) ஒரு வாரம் கழித்து ஒரு ராத்திரி அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான். என்ன செய்யட்டும் என்று அவனையே கேட்டேன். பள்ளிக்கு நான் வருவது யார் கண்ணிலும் படக் கூடாது, வகுப்பில் அவன் பெயரைச் சொல்லி யாரையும் திட்டக் கூடாது என்றான். ஒத்துக்கொண்டேன். தேதி, இடம், நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தோம்.

ஆசிரியர் முதலில் "பசங்க விளையாட்டுக்குச் செய்றது" என்றார். நோட்டைப் படித்தபின் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஏழு பேரைவிட, சுற்றி நின்று சிரிப்பவர்களைக் கவனிக்கலாமே என்று கேட்டேன். நானாகக் கண்டுபிடித்தது இல்லை. 2001இல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில், பக்கத்திலிருந்த பிள்ளைகள் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கு மேல் 10 நொடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. சீண்டலைத் தடுக்க ஃபின்லாந்துப் பள்ளிகளில் கொண்டுவந்த கிவா திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களைக் குறிவைத்ததுதான். ஆசிரியர் அவனுடைய இடத்தை மாற்றி, யாருக்கும் அடங்காத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு பேர் சிரிப்பதை நிறுத்தினார்கள். முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இன்னும் விடவில்லை, நோட்டும் மேசையில்தான் இருக்கிறது.

ஒரு நாள் அவனிடம், நான் படிக்கும்போது எங்கள் வகுப்பிலும் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்ததையும், சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, நிறுத்தி நிறுத்தி, "அவர் பேர் என்னப்பா?" என்று கேட்டான்.

எனக்கு நாங்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர்தான் ஞாபகம் வந்தது.