கடைசி டிரிப்: இரவுச் சாலையும் பாம்பும்

(வத்தலக்குண்டு – தாண்டிக்குடி வழித்தடத்தில் 26 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மலைச்சாலை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

இரவில் காரில் மெதுவாகச் சுற்றிப் பாம்பு தேடுகிற வழக்கம் வெளிநாடுகளில் உண்டு என்று படித்தேன். பழனி மலையில் அப்படிப் பார்க்க முடியுமா? எந்தச் சாலை, எந்த மாதம்?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

மாதம் சொல்கிறேன் தம்பி, சாலை சொல்ல மாட்டேன். வழித்தடம்தான் மேலே அச்சாகியிருக்கிறதே என்று கேட்காதீர்கள். எந்த வளைவு என்பது எனக்கும் என் கண்டக்டருக்கும் மட்டும் தெரிந்தது.

நீங்கள் சொல்லும் வழக்கத்துக்கு முன்னோடிகளில் ஒருவர் கிளாபர் என்கிற அமெரிக்கர். சான் டியாகோவில் மின்சாரக் கம்பெனி உத்தியோகம். 1920-களிலேயே இரவில் பாலைவனச் சாலைகளில் கார் ஓட்டிப் பாம்பு தேட ஆரம்பித்துவிட்டார். 1956-இல் கிலுகிலுப்பை விரியன்களைப் பற்றி இரண்டு தொகுதிகளாகப் பெரிய புத்தகமும் போட்டார். இதையெல்லாம் என்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு ஆராய்ச்சி மாணவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை நான் பார்த்ததற்கெல்லாம் ‘பாம்பு’ என்ற ஒரே பெயர்தான்.

பாலைவனத்தில் கணக்கு எளிது. சூரியன் போனதும் மணல் சீக்கிரம் ஆறிவிடும், தார்ச்சாலை ஆறாது. சூட்டுக்காகப் பாம்பு சாலைக்கு வரும். நம் மலையில் அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. கொடைக்கானல் டவுன் 2,100 மீட்டர் உயரம். மார்கழி இரவில் அங்கே எனக்கே ஸ்வெட்டர் போதாது, பாம்பு எதற்கு வெளியே வரப்போகிறது? காபியும் மலைவாழையும் விளைகிற நடுமலையில்தான் இரவு நடமாட்டம். அதுவும் மழையை ஒட்டித்தான்: சித்திரை, வைகாசியில் விழும் கோடை மழை, அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் ஓடைப் பக்கம் தவளை கத்த ஆரம்பிக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தச் சத்தம் கேட்டால் நான் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுவேன்.

ஆனால் எதிர்பார்ப்போடு வராதீர்கள். சாலையில் பாம்பு மாதிரித் தெரிவதில் பாதிக்கு மேல் பாம்பே இல்லை. லாரியிலிருந்து விழுந்த வாழைச்சருகு, வாழைத்தார் கட்டிய கயிறு, பழைய டயரிலிருந்து உரிந்த ரப்பர் பட்டை. கயிற்றைப் பார்த்து அரவு என்று மயங்குவதை வேதாந்தத்தில் உதாரணம் சொல்வார்கள். எனக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. ஒரு ஐப்பசி இரவு, தூறல், கடைசி டிரிப், வண்டியில் ஏழெட்டுப் பேர். வளைவில் கிடந்ததை ரப்பர் பட்டை என்று நினைத்து மேலே ஏற்றிவிட்டேன். நைட் ஹால்ட் முடிந்து காலையில் இறங்கும்போது அதே இடத்தில் காகம் கொத்திக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தேன். மூங்கில் விரியன். பச்சை உடம்பின் குறுக்கே என் பின் டயரின் கட்டம் கட்டமான அச்சு.

சாரைப்பாம்பு பகல் ஆசாமி, வண்டிச் சத்தம் கேட்டால் சரசரவென்று ஓடிவிடும். விரியன் அப்படியில்லை. வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் அசையாமல் அப்படியே கிடக்கும். காட்டுக்குள் அதுதான் அதைக் காப்பாற்றும் தந்திரம், தார் மேல் அதுவே எமன். அன்றிலிருந்து ரப்பர் பட்டையைக் கண்டாலும் பிரேக் போட ஆரம்பித்தேன். கண்டக்டர் என்னைத் திட்டாத நாள் இல்லை.

சாலை ஏன் சொல்ல மாட்டேன் என்றால், ஒருமுறை ஒரு கோஷ்டிக்குச் சொன்னேன். இரண்டு குழிவிரியனை (மூங்கில் விரியனும் அந்த இனம்தான்) குச்சியால் எடுத்து, பாசி படிந்த ஒரு கட்டை மேல் உட்காரவைத்து, நள்ளிரவு வரை படம் பிடித்திருக்கிறார்கள். விடிந்ததும் அதைப் பெருமையாக என்னிடமே காட்டினார்கள்.

மழை பெய்த மறுநாள் எங்கள் வீட்டுச் சாலையில் விரல் தடிமனில் பளபளவென்று ஒன்று நெளிந்தது. வால் மொட்டையாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருதலைப் பாம்பு, லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார். உண்மையா?
– இல்லத்தரசி, குன்னூர்

அம்மா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். விலை பேசுகிறவர்கள் தேடுவது சமவெளியின் வறண்ட நிலத்தில் இருக்கும் மண்ணுளியை. அதன் விலையே வெறும் புரளி. அதை நம்பிப் பணத்தை இழந்தவர்களும் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

நீங்கள் பார்த்தது வேறு. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்கிற சின்னப் பாம்பு, கேடயவால் பாம்பு என்பார்கள். விஷம் கிடையாது, கடிக்கவும் தெரியாது. வால் நுனி கத்தியால் வெட்டியது போல இருக்கும். இந்தக் குடும்பத்தில் பல வகைகளுக்கு அந்த இடத்தில் கேடயம் மாதிரி ஒரு சொரசொரப்பு, அதில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். முட்டையிடாது, குட்டி போடும். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் இந்தக் குடும்பம் இருக்கிறது. உங்கள் நீலகிரிக்கென்றே ஒரு வகை உண்டு. அந்த மலையில் செடி கொடி சேகரித்த பெரோட்டே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பழனி மலைக்கும் ஒன்று தனியாக உண்டு, விட்டுக்கொடுக்க மாட்டோம். பெரிய மழையில் மண் ஊறிப்போனால் மேலே வரும், அப்போதுதான் டயருக்கு மாட்டும். அடுத்த தடவை ஒரு துடைப்பத்தட்டில் ஏந்தி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து மண்ணில் விடுங்கள். அவ்வளவுதான்.

கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் இரவில் எப்படிப் பிரித்தறிவது?
– விவசாயி, பெரியகுளம்

கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெள்ளைக் கட்டு இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். வரையனுக்குக் கழுத்தருகே பளிச்சென்று ஆரம்பித்து வால் பக்கம் மங்கும். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் பட்டையை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், இரண்டடி பின்னால் வந்துவிடுங்கள். தோட்டத்துக் கொட்டகையில் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது.

நண்பர்கள் நான்கு பேர் முதுமலை வழியாக இரவில் மெதுவாக ஓட்டி, டார்ச் அடித்துப் பாம்பு பார்க்கலாம் என்று திட்டம். என்ன வேகம் நல்லது?
– வங்கி ஊழியர், மதுரை

பூஜ்யம். அந்தச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். பந்திப்பூர்ப் பக்கம் 2009-இலிருந்தே இந்தத் தடை இருக்கிறது. 9 மணிக்கு முன்னால் போனாலும் காட்டுக்குள் வண்டியை நிறுத்தி டார்ச் அடித்தால் வேட்டைக்காரன் என்றுதான் வனத்துறை நினைக்கும். அவர்கள் நினைப்பதில் தப்பும் இல்லை. யானை வந்தால் நான்கு பேரும் என்ன செய்வீர்கள் என்பது தனிக் கேள்வி.

ஊர்களுக்கு நடுவே போகிற பொதுச்சாலை என்றால் 20 கிலோமீட்டர் வேகம், டிம் லைட், நேரான இடத்தில் மட்டும் நிறுத்தம். பின்னால் காய்கறி லாரி வருகிறதா என்று முதலில் பாருங்கள், பாம்பை அப்புறம் பார்க்கலாம். கையில் எடுக்கவே கூடாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைப் பிடிப்பது குற்றம்.

மலையில் பாம்பு கடித்தால் ஊசி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதற்கான விஷத்தின் பெரும்பகுதி வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலைக் குழிவிரியன்கள் இந்த நான்கில் இல்லை. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். வீக்கம், வலி, சிலருக்கு ரத்தக்கசிவு என்று கவனிக்க வேண்டியது நிறைய. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடித்த கையை ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என் வண்டியிலேயே ஒருவரை இறக்கிக் கொண்டுபோயிருக்கிறேன். வழியில் ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை, பயணிகள் யாரும் கேட்கவும் இல்லை.

தாத்தா, உங்கள் பஸ்ஸில் பாம்பு ஏறியிருக்கிறதா?
– ஏழாம் வகுப்பு மாணவி, பட்டிவீரன்பட்டி

உன் ஊரில்தான் கண்ணு! மேலே கேரியரில் ஏற்றிய வாழைத்தாரோடு ஒரு பச்சைப் பாம்பு மலையிலிருந்து வந்திருக்கிறது. அதைக் கண்கொத்திப் பாம்பு என்றும் சொல்வார்கள், யார் கண்ணையும் அது கொத்தியதில்லை. பட்டிவீரன்பட்டி ஸ்டாப்பில் ஜன்னல் வழியாக மெதுவாகத் தலையை நீட்டியது. மொத்த பஸ்ஸும் காலி. ஒரு பாட்டி மட்டும் இறங்கவில்லை, இறங்கினால் சீட்டு போய்விடும் என்று. தார்க்காரர் ஒரு நீளக் குச்சியை நீட்டினார், அது தானாகவே ஏறிக்கொண்டது. சாலையோரப் புளியமரத்தில் விட்டோம். அரைமணி நேரம் தாமதம். லாக் ஷீட்டில் காரணம் எழுத வேண்டுமே, கண்டக்டர் ‘பயணி இறங்கத் தாமதம்’ என்று எழுதினார்.