கிளப்பை மாற்றினால் கவுண்டி அணியில் இடம் கிடைத்துவிடுமா?

கேள்வி: நாங்கள் டப்ளினில் வசிக்கிறோம். என் மகனுக்கு 18 வயது. அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறான். டப்ளின் கவுண்டியின் (மாவட்டத்தின்) இளையோர் அணியான மைனர் அணிக்கு அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வாளர்களைத் தெரியும் என்று சொல்லும் ஒருவர், பெரிய கிளப்புக்கு மாறினால் கவுண்டி அணியில் இடம் வாங்கிவிடலாம், அதற்குக் கொஞ்சம் செலவாகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்த மனிதருக்கு ஒரு யூரோகூடக் கொடுக்க வேண்டாம்.

இந்த ஆட்டத்தை நடத்தும், 1884இல் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. கவுண்டிக்காக ஆடுபவர்களுக்குப் பயணச் செலவும் அரசின் ஒரு சிறு உதவித்தொகையும் கிடைக்கும், அவ்வளவுதான். ஊதியமே இல்லாத ஆட்டத்தில் தரகருக்கு என்ன வேலை? கவுண்டி அணியை மேலாளரும் அவருடன் இருக்கும் தேர்வாளர்களும் அமைக்கிறார்கள். அவர்கள் கிளப் ஆட்டங்களைப் பார்த்துத்தான் ஆட்களை அழைக்கிறார்கள். அவர்களுடைய பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

மைனர் அணியில் இடம் கிடைக்காததைப் பற்றி நீங்கள் இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. மைக்கேல் டாரா மெக்காலி டப்ளின் மைனர் அணியில் ஆடியவரல்லர். கூடைப்பந்திலும் காலம் செலவிட்டவர். ஆனாலும் 2013இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த நடுக்கள வீரருக்குத்தான் கிடைத்தது. பிரயன் ஃபென்டனின் கிளப்பான ரஹேனி, டப்ளின் பட்டங்களைக் குவிக்கும் கிளப்புகளில் ஒன்றல்ல. அங்கிருந்தே 2015இல் கவுண்டியின் சாம்பியன்ஷிப் அணிக்குள் வந்தார்; அதே ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஆட்டநாயகன் ஆனார்; 2021இல் மேயோ கவுண்டியிடம் தோற்கும்வரை சாம்பியன்ஷிப் தோல்வியையே அறியாதிருந்தார்; ஏழு அகில அயர்லாந்துப் பட்டங்களுடன் 2024இல் கவுண்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பதின்ம வயதிலேயே உயரத்தையும் எடையையும் பார்த்துப் பிள்ளைகளைச் சலித்தெடுத்துவிட்டு, விடுபட்டவனுக்கு ஏன் விடுபட்டாய் என்று ஒரு வரிகூட எழுதித் தராத கவுண்டிகளின் இளையோர் வளர்ச்சி அணி முறை எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை. நடுக்கள ஆட்டக்காரனின் உடல் பெரும்பாலும் இருபதை ஒட்டித்தான் முழுமை பெறுகிறது. உங்களைப் போன்ற பெற்றோரின் ஏமாற்றத்தைத்தான் இந்தத் தரகர்கள் காசாக்குகிறார்கள்.

கிளப் மாறுவது நியாயமாகும் நிலை ஒன்று உண்டு: வேலையோ வசிப்பிடமோ உண்மையாகவே வேறு கவுண்டிக்கு மாறும்போது. கில்டேரைச் சேர்ந்த ஷே ஃபாஹி இராணுவ அதிகாரி. பணியிடம் கார்க்குக்கு மாறியதால் அங்கு நீமோ ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். கார்க் அணியின் நடுக்களத்தில் நின்று 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். 1990 இறுதி ஆட்டத்தின் நாயகனும் அவரே. ஆனால் அங்கே முதலில் மாறியது வாழ்க்கை, பிறகுதான் கிளப். கவுண்டி இடத்துக்காக வெறும் முகவரியை மட்டும் மாற்றிக் காட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உறவினர் வீட்டு முகவரியைப் படிவத்தில் எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். பொய் வெளிப்பட்டால் தடைக்கு உள்ளாகிறவன் உங்கள் மகன், யோசனை சொன்னவர் அல்லர். உங்கள் மகன் டப்ளினிலேயே இருப்பதால் இந்த விலக்கு அவனுக்குப் பொருந்தாது.

அவன் செய்ய வேண்டியது வேறு. 2025 முதல் ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கோல்காப்பாளரின் உதை, கோலிலிருந்து 40 மீட்டர் தொலைவில் வரைந்த வளைவைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதால், உயரத் தாவிப் பந்தைப் பிடிக்கும் நடுக்கள வீரருக்கு மீண்டும் மதிப்பு கூடியிருக்கிறது. அந்தப் பிடியைப் பழகட்டும். தன் கிளப்பின் முதல் அணியில் நடுக்கள வீரர்களுக்குரிய 8 அல்லது 9ஆம் எண் சட்டையைப் பெறட்டும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், கிளப்பை விடாமலேயே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சிகர்சன் கோப்பைக்கு ஆடலாம். கவுண்டி தேர்வாளர்கள் அந்த ஆட்டங்களையும் கவனிப்பார்கள்.

அந்த மனிதர் நீட்டிய இடமாற்றப் படிவம் எதிலாவது ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், தாமதிக்காமல் உங்கள் கிளப் செயலாளரை நேரில் சந்தித்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.