உங்களுக்கு மிகவும் பிடித்த வீடியோ கேம்கள் எவை? ஏன்?

முதலிடத்துக்கு எனக்கு யோசனையே தேவையில்லை: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018இல் வந்தது. லூகாஸ் போப் என்பவர் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்தது. ஓவியம், நிரல், இசை எல்லாம் அவரே.

நம் ஊரில் கேம் என்று பேச்செடுத்தால் வைஸ் சிட்டி, பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்றுதான் போகும். அவற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வைஸ் சிட்டியில் மிஷனைக் கிடப்பில் போட்டுவிட்டு, பைக்கில் கடற்கரையோரம் சும்மா சுற்றிய நேரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பிடித்தது எது என்றால், ஒரு வேலையை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற கேம்தான். எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டக் கூடாது. நான் இரண்டு நிமிடம் திகைத்து நின்றால் உடனே துப்புக் கொடுக்க ஓடி வரவும் கூடாது.

ஓப்ரா டின் ஒரு வணிகக் கப்பலின் பெயர். லண்டனில் இருந்து புறப்பட்டுக் காணாமல் போனது, 1807இல் ஆளில்லாமல் மிதந்து இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்தவர்கள் அறுபது பேர். ஒவ்வொருவரின் பெயர் என்ன, எப்படி இறந்தார், கொன்றது யார் என்று ஒரு கணக்குப் புத்தகத்தில் நிரப்ப வேண்டும். கையில் ஒரு மந்திரக் கடிகாரம் இருக்கிறது. எலும்புக்கூட்டின் பக்கத்தில் நின்று அதைத் திறந்தால், அந்த ஆள் சாவதற்கு முந்தைய சில நொடிகளின் பேச்சு கேட்கும். அப்புறம் உயிர் போன அந்தக் கணம் மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். அவ்வளவுதான் கேம். சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது.

இதில் சாகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். மூலையைப் பார்க்க வேண்டும். மாலுமிகள் தூங்கும் தளத்தில் வரிசையாகத் தொங்கும் தூளிப் படுக்கைகளில் சின்னதாக எண்கள் இருக்கின்றன. கப்பல் பணியாளர் பட்டியலிலும் அதே எண்கள். சரி, எண் கிடைத்துவிட்டது, ஆனால் படுத்திருப்பவரின் முகம் தெரியவில்லை, கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் செருப்பை நினைவில் வைத்துக்கொண்டு, வேறொரு சாவுக் காட்சியில் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கும் ஆளின் காலைப் போய்ப் பார்க்க வேண்டும். இது பிடிபட்ட இரவு நான் நாற்காலியை விட்டு எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன் என்ற கர்வம் அது.

குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். அதற்கும் போப் வழி அடைத்திருக்கிறார். மூன்று பேரின் விவரம் சரியாக இருந்தால்தான் புத்தகம் அந்த மூன்றையும் அச்செழுத்தாக்கி உறுதி செய்யும். ஒன்று சரி, இரண்டு தப்பு என்றால் வாயே திறக்காது. அதனால் உறுதியாகத் தெரிந்த இருவரை வைத்துக்கொண்டு மூன்றாவதாக மட்டும் ஊகிக்கலாம். அந்த அளவு ஏமாற்று நியாயமானது என்பது என் கட்சி.

படம் முழுக்க இரண்டே நிறம், பழைய மேகின்டாஷ் திரை மாதிரி. நான் விளையாடுவதை எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, மானிட்டர் போயிடுச்சா?" என்று கேட்டார்.

கடைசியில் எல்லாம் முடிந்தபின் ஒரு காப்பீட்டுக் கணக்கு வருகிறது. ஒழுங்காக வேலை பார்த்துச் செத்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு, கலகம் செய்தவரின் குடும்பத்துக்கு அபராதம். அத்தனை கோரத்தையும் பார்த்துவிட்டு வந்த நம்மை உட்கார வைத்து பவுண்டு கணக்குப் போட வைக்கிறது கம்பெனி. கசப்பான நகைச்சுவை, எனக்கு மிகவும் பிடித்தது.

அதே போப் 2013இல் செய்த பேப்பர்ஸ், ப்ளீஸ் அடுத்த இடம். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா வேலை, 1982ஆம் ஆண்டு. எத்தனை பேரைப் பார்த்து அனுப்புகிறோமோ அதற்கேற்பக் கூலி. அதில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. ஒருநாள் ஒரு கணவர் வருகிறார், ஆவணங்கள் சரியாக இருக்கின்றன. பின்னாலேயே வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறார். இங்கே ஒரு நுட்பம் கவனியுங்கள்: ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும்தான், மூன்றாவதில் இருந்து கூலியில் பிடித்தம். ஆக, இரக்கம் காட்ட தினமும் இரண்டு வாய்ப்பு சும்மா கிடைக்கிறது. அதைக் காலையிலேயே கவனக்குறைவால் செலவழித்துவிட்டு மாலையில் அந்தப் பெண் முன்னால் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? நீதிக்கதை சொல்லாமல் இதைச் செய்துவிட்டார் மனிதர்.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019), விண்கலத்தில் கோள் கோளாகச் சுற்றும் கேம். அதைப் பற்றி அதிகம் சொன்னால் கெட்டுவிடும். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கிறது, மறுபடி முதலில் இருந்து விழிக்கிறோம். ஒரு கோளின் மணல் பக்கத்துக் கோளுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அங்கே குகைகள் மூடிக்கொள்கின்றன, இங்கே புதைந்த கட்டடங்கள் வெளியே வருகின்றன. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது கடிகாரத்தைப் பொறுத்தது. நமக்கு ஆயுதமோ புதுச் சக்தியோ எதுவும் சேராது, தெரிந்துகொண்டது மட்டும்தான் மிச்சம். விண்கலம் ஓட்டுவது தலைசுற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ராஜ்ஜியம் கட்டிப் படை திரட்டிப் போரிடும் கேம். இந்த வகையில் சேராது, ஆனாலும் விட முடியவில்லை. 1999 கேம், இன்னும் ஆட்கள் விளையாடுகிறார்கள். 2022இல் வந்த இந்திய வம்சங்கள் என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர் என்று ஒரு தரப்பு சேர்ந்தது. ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடர், சுருள்வாள் வீசும் வீரர்கள். ஆளைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறார்! அதற்காகவே எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திராவிடருக்கு நைட் என்ற கனரகக் குதிரைப்படை கிடையாது என்பதால் திறந்த நிலத்தில் திணற வேண்டும். கடல் மேப் கிடைத்தால் நம் ராஜ்ஜியம்.

பலர் கொண்டாடும், அரக்கர்களை வேட்டையாடுபவனின் கதையான விட்சர் 3 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பாரன் என்ற பிரபுவின் கதை வரும் பகுதி அருமை, மறுப்பில்லை. ஆனால் ஸ்கெலிகே தீவுகளுக்குப் போனால், போய்ப் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வரைபடத்தில் கடல் முழுக்கக் கேள்விக்குறி. படகை எடுத்துப் போனால் மிதக்கும் பீப்பாயும் மூழ்கிய பெட்டியும்தான், நடுவில் சைரன் என்ற கடல் அரக்கிகள் வந்து படகை உடைக்கும். எனக்கு அது கேம் மாதிரி இல்லை, நிலுவைக் கோப்பு தீர்க்கிற மாதிரி இருந்தது.

புதிதாக ஆரம்பிப்பவர் என்றால் பேப்பர்ஸ், ப்ளீஸில் தொடங்குங்கள். 2022இல் இருந்து கைப்பேசியிலும் இருக்கிறது. ஓப்ரா டினுக்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டு எதுவும் வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு விளையாடினால் இன்னும் நன்றாக இருக்கும். யூடியூபில் மட்டும் தேடிப் பார்த்துவிடாதீர்கள், விடை தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் விளையாட ஒன்றும் இல்லை.