மகனின் தூக்கமும் கணவரின் குடியும்: அறிக்கை வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். கணவர் தினமும் குடித்துவிட்டு நள்ளிரவு தாண்டித்தான் வருவார். அடிப்பதில்லை, சத்தம்தான். எட்டு வயது மகன் வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை தூங்குவதில்லை. படுக்கையை நனைக்கிறான், பள்ளியில் பிள்ளைகளை அடிக்கிறான். மாமியார் எல்லாவற்றுக்கும் என்னையே குறை சொல்கிறார். தீபாவளிக்குச் சேர்த்த பணமும் குடியில் போயிற்று. மணவிலக்கு மனு போட்டுவிட்டேன். தனியார் மனநல மருத்துவரிடம் அறிக்கை வாங்கினால் முழு கஸ்டடி கிடைக்குமா? அவன் அழுவதை வீடியோவும் எடுத்திருக்கிறேன்.

பதில்: மாமியாரையும் தீபாவளிப் பணத்தையும் விட்டுவிடுங்கள். கணவர் குடிகாரர் என்று நிரூபிப்பதால் மட்டும் வழக்கு முடியாது. மணவிலக்கு வழக்குகளுக்கான சட்டமான மாதர் சாசனப்படி பிள்ளையின் நலன்தான் முதல். அவர் பொறுப்பில் இருக்கும் நேரத்தில் பையனுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார்.

முழு கஸ்டடி ஆசை வேண்டாம். கஸ்டடி என்பது படிப்பு, மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதிலிருந்து கூட்டு கஸ்டடிதான் வழக்கம். பையன் யாருடன் வசிப்பான் என்பது ‘கேர் அண்ட் கண்ட்ரோல்’, அது வேறு. உங்களுக்குத் தேவை அதுதான்.

இப்போது அந்த அறிக்கை. வழக்கில் சாட்சியமாக வைப்பதற்காக, நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளையை மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டிப் பரிசோதிக்கக் கூடாது. குடும்ப நீதிமன்ற விதி அப்படி. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிவந்த அறிக்கையைத் தாக்கல் செய்ய முடியாமல் நின்ற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ‘பிள்ளையை வழக்குக்காக அலைக்கழிக்கிறார்’ என்று எதிர்த்தரப்பு வாதிட அவர்களே இடம் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பையன் கதவுச் சத்தத்துக்காக விழித்திருக்கிறான் என்கிறீர்கள். கதவு திறந்த பிறகு என்ன நடக்கிறது? இரண்டு பேரும் கத்துகிறீர்களா? அதையும் மருத்துவரிடம் அவன் சொல்வான். ‘அப்பா குடிப்பார்’ என்று எழுதும் அதே அறிக்கை ‘அம்மாவும் கத்துவார்’ என்றும் எழுதும்.

சிகிச்சை வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பள்ளி ஆலோசகரிடமும் பேசுங்கள். தூக்கம், படுக்கை, பள்ளி அடிதடி, இவற்றை மட்டும் சொல்லுங்கள். வழக்குக்குக் கடிதம் கேட்காதீர்கள். ‘டாக்டரிடம் இதைச் சொல்’ என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கவே கூடாது. எட்டு வயதுப் பிள்ளை பெரியவர் பேச்சைத் திருப்பிச் சொன்னால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பையனை அப்பாவிடம் காட்டாமல் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். குடித்துவிட்டு அழைத்துப்போக வந்தால் அந்த ஒரு நாள் மறுக்கலாம். நேரத்தைக் குறித்துவைத்து அன்றே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், சமரசத்தில் முடித்துவிடுங்கள். 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பதால் சமரசப் பேச்சுக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். கூட்டு கஸ்டடிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு, பையன் உங்களோடு வசிக்க வேண்டும், சந்திப்பு பகலில் மட்டும், அதற்கு முன்தினம் இரவிலிருந்து குடிக்கக் கூடாது, மனநலக் கழகத்தில் (ஐஎம்எச் மருத்துவமனை) குடிக்குச் சிகிச்சை பெற்று ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் இரவுத் தங்கலைப் பற்றிப் பேசலாம் என்று எழுதி வாங்குங்கள். வழக்காடினாலும் இதைவிடப் பெரிதாகக் கிடைக்காது. அதுவும் அவன் ஒரு வருடம் தூங்காமல் கிடந்த பிறகு.

அப்புறம் அந்த வீடியோ. அழிக்க வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அவன் அழும்போது போனைக் கீழே வையுங்கள்.